பல் டாக்டரிடம் காட்டாத துண்டு

மழை விட்ட மத்தியான வெளிச்சம் வார்டுக்குள் வருகிறது. புஷ்பம் காய்ச்சலில் நடுங்குகிறாள். புற்றுநோய்க்காக மார்பை எடுத்த இடத்தில், கொழும்பில் அவள் வேலை செய்த வீட்டு எஜமானியம்மா, நோனா, தன் செலவில் வைக்கச் செய்த சிலிக்கன் பை சீழ் பிடித்துவிட்டது. நாளைக் காலை அதை எடுத்துவிடுவார்கள். தேயிலைத் தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்கு வந்த பல் டாக்டர் அவளுடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிப் பத்து நாள்தான் ஆகிறது. புருஷன் ஏழுமலை அவளுடைய வெற்றிலைப் பையைத் தலைமாட்டில் வைக்கிறான். அதிலிருந்து மடித்த காகிதத் துண்டொன்று விழுகிறது. எந்தப் பல்லைப் பிடுங்கினாலும், கிருமி இரத்தம் வழியாக அந்தப் பையில் சேராமலிருக்க, முதலில் இதைக் காட்டி மருந்து கேட்கச் சொல்லிக் கொழும்பு டாக்டர் எழுதிக் கொடுத்தது. மடிப்பெல்லாம் பாக்குக் கறை.

“இத ஏன் புள்ள காட்டல?”

“நம்ம லயத்து வீடுங்கள்ல இருக்க பொம்பளைங்க பூரா அங்கதான் ஒக்காந்திருந்தாங்க. டாக்டர் சிங்களத்துல ஏதும் ஒப்பரேசன் செஞ்சதான்னு கேட்டாரு. அது எல்லாருக்கும் வெளங்குமே. இல்லேன்னுட்டேன்.” அவள் மூச்சு வாங்குகிறாள். “ஒருத்தருக்கும் தெரியக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

ஏழுமலை துண்டைப் பழைய மடிப்பிலேயே மடிக்கிறான். பக்கத்துக் கட்டில்காரி எட்டிப் பார்க்கிறாள். உடனே அவன் கை போர்வையை இழுத்துப் புஷ்பத்தின் மார்பை மூடுகிறது.