இரண்டாவது வரி

வாசுகியின் கணவன் இளம்பரிதி ஆபீஸ் விட்டு வந்ததும், செருப்பைக் கழற்றுகிற இடத்திலேயே மணிக்கட்டுத் திரையில் இரண்டு வரி கட்டளை அடித்தாக வேண்டும். முதல் வரியில் நிறுவனம், இரண்டாவதில் ப்ராஜெக்ட். தலைக்குள் இருக்கும் சில்லு உடனே ஆளை மாற்றிவிடும்.

போன மாதம் இரண்டாவது வரியை மறந்து, 'ஆள்குறைப்பு' ப்ராஜெக்ட்டோடு உள்ளே வந்தவன், சமையல்கார அம்மாளை வேலையை விட்டு அனுப்பிவிட்டான். வாசுகிதான் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவளைத் திரும்ப அழைத்து வந்தாள்.

இன்று மாலை அடை சாப்பிடும்போது மாமனார் சபாபதியின் கை நடுங்கித் தண்ணீர் டம்ளர் சரிந்தது. இளம்பரிதி நிமிர்ந்தான்.

"ஆறு மாசமா உங்களால எந்தப் பயனும் இல்ல. திங்கட்கிழமை முதியோர் இல்லத்து வேன் வரும். இதுவரைக்கும் செஞ்ச சேவைக்கு நன்றி."

வாசுகிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பயப்படாதீங்க மாமா. உங்க பிள்ளைக்கு இன்னும் ஆபீஸ் இறங்கல."

"எனக்கு நோட்டீஸ் பீரியட் உண்டாடா?" என்று மாமனாரும் சிரித்தார்.

"முதல்ல அந்த ரெண்டாவது வரியை மாத்துங்க!" என்று வாசுகி அவன் கையை இழுத்துத் திருப்பினாள்.

பச்சை எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. நிறுவனம்: வீடு. ப்ராஜெக்ட்: குடும்பம்.

"வாசல்லயே மாத்திட்டேனே," என்றான் இளம்பரிதி, வெண்ணெயைத் தொட்டுக்கொண்டே.

வாசுகி அவசரமாகத் திரையைப் பொத்தினாள். அதற்குள் மாமனார் பார்த்துவிட்டார். டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றி, பாதி அடை கிடந்த தட்டிலேயே கையைக் கழுவினார்.