வீட்டுக்கு வந்த டீச்சர்

"அவசரமே இல்லை. நல்லா யோசிச்சுப் பதில் சொல்லுங்க," என்றாள் டீச்சர்.

மாணவிக்கு ஐம்பதை நெருங்கும் வயது. விற்காமல் தேங்கிய சரக்கை என்ன செய்வது என்பது கேள்வி. நகத்தைக் கடித்தபடி ஒரு பதிலைச் சொல்லி வைத்தாள்.

"அடடா, தப்பாப் போச்சே! கவலைப்படாதீங்க, இன்னொரு தடவை பார்க்கலாமா?"

வாசல் மணி அடித்தது. எதிர் வீட்டுக்காரி. போன மாதம்தான் குடி வந்தவள். அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. கேட்காமலே உள்ளே வந்து எட்டிப் பார்த்தாள்.

"பேச்சுச் சத்தம் கேட்டுது. விருந்தாளியா?"

அறையில் யாருமில்லை. மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர் மட்டும் இருந்தது.

"அட, இதுவா! அப்பாடா, உங்க வீட்டுக்கும் ஒரு ஆள் வந்துட்டாங்கன்னு நெனச்சேன்."

மாணவி சிரித்தாள். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரிப்புக்கும் சத்தம் கிடையாது. பேசினால் வெறும் காற்றுதான் வரும். பக்கத்தில் வந்து காதைக் கொடுத்தால்தான் புரியும்.

"என்ன படிப்பு?"

"பிசினஸ். வீட்டிலிருந்தே படிக்கிறேன். இப்போ கடைசிப் பரீட்சை."

"இந்த வயசுலயா! முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"சினிமாவுல இருந்தேன்."

"நடிச்சீங்களா? நான் பார்த்ததே இல்லையே!"

"முகம் தெரியாத வேலை."

"சினிமாவுக்கும் பிசினஸுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல. அந்த வேலை போயிடுச்சு. இதுல பாஸானா சின்னதா ஒரு கம்பெனி ஆரம்பிப்பேன். இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணிட்டு அண்ணன் வீட்டுக்குப் போகணும். அண்ணி நல்லவங்கதான். ஆனா அங்கே நான் எப்பவும் விருந்தாளி."

எதிர் வீட்டுக்காரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் வாயே திறக்கல. நீங்க எழுதுங்க."

"பரீட்சைக்குத் தயாரா? பயப்படாதீங்க, நான் கூடவே இருக்கேன்," என்றாள் டீச்சர்.

எதிர் வீட்டுக்காரியால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா என்ன! "பெத்த பொண்ணுகிட்ட பேசுற மாதிரி பேசுறாங்களே! எங்க வாத்தியாருங்க இப்படிப் பேசியிருந்தா நானும் டாக்டர் ஆகியிருப்பேன்."

உண்மைதான். கூட வேலை பார்த்தவர்கள் கொஞ்ச நாள் வந்தார்கள், அப்புறம் வரவில்லை. இந்த வீட்டில் ஒலிக்கும் ஒரே குரல் டீச்சருடையதுதான். பாடம் இல்லாத நாளிலும் பழைய பாடத்தை ஓடவிட்டு, கேட்டுக்கொண்டே சாப்பிடுவாள் மாணவி. இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது.

கடைசிப் பதிலையும் தட்டினாள். திரையில் வட்டம் சுற்றியது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சபாஷ்! நீங்க ஜெயிச்சுட்டீங்க. எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு!"

எதிர் வீட்டுக்காரி கைதட்டினாள். "எவ்வளவு மனசாரச் சொல்றாங்க பாருங்க! யார் பெத்த பொண்ணோ, நல்லா இருக்கட்டும்!"

மாணவியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

ஆபரேஷனுக்கு முந்தைய வருடம், இந்த வரியை ஒலிப்பதிவு செய்த அன்று, "இன்னும் பாசம் வேணும்மா, உங்களுக்கு வேண்டியவங்க யாரையாவது நெனச்சுக்கிட்டுச் சொல்லுங்க" என்று திரும்பத் திரும்ப அவளைச் சொல்ல வைத்தார்கள். யார் முகமும் நினைவுக்கு வராமல், எதிரே கண்ணாடித் தடுப்பில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துத்தான் அவள் அதைச் சொல்லி முடித்திருந்தாள்.