ஒரே செடியில் இரண்டு

"ஒரே பஸ்ல போறவங்க எல்லாம் சொந்தக்காரங்களாம்மா? ஒரே செடியில உக்காந்திருந்தா ஒரே இனமாயிடுமா?"

பேராசிரியர் பூச்சிப் பெட்டியை ஆய்வு மாணவியின் பக்கமே தள்ளிவிட்டார். உள்ளே ஊசியில் குத்திய இரண்டு செடிப்பூச்சிகள். ஒன்று வெளிறி, ஒல்லியாக, நீண்ட சிறகோடு. மற்றது கறுப்பு, குண்டு. சிறகு இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

"உக்காந்திருந்ததை வச்சுச் சொல்லல சார். அந்தக் குண்டுப் பூச்சி போட்ட முட்டையிலேர்ந்து ரெண்டு மாதிரியும் வந்துச்சு, நான் வளர்த்த கூண்டுலேயே. ஒல்லி ஆண், குண்டு பெண். ஒரு புருஷன் பொண்டாட்டியைத்தான் ரெண்டு பேரினமாப் பிரிச்சு வச்சிருக்கீங்க."

"ரெண்டுக்கும் எதுவுமே பொருந்தலையேம்மா!"

"பொருந்தினாத்தான் குடும்பம் நடத்தணும்னு யார் சொன்னது?"

அவருக்குப் புரையேறியது.

ஒல்லிப் பூச்சியின் பேரினத்துக்குப் பெயர் வைத்தவர் அவர். குண்டுக்கு அதற்கு முந்தைய வருடமே பெயர் வைத்துவிட்டார் ஒரு பெண் ஆய்வாளர். மாணவி அந்தம்மாவைப் பார்த்ததில்லை, கட்டுரைகளைப் படித்ததோடு சரி. இரண்டும் ஒன்றுதான் என்றால் முதலில் வைத்த பெயரே நிற்கும். அது விதி.

"முப்பது வருஷமா அந்தம்மாவும் இதையேதான் சொல்லுது. இப்ப உன் ஆய்வேட்டுல நான் கையெழுத்துப் போட்டா, அது முகத்துல எப்படி முழிப்பேன்?"

"எதுக்கு முழிக்கணும்? கருத்தரங்குல எதிர்ல வந்தா ஃபோனை நோண்டுங்க."

"அவ்வளவு சுலபமில்லம்மா."

அவளுக்கு எரிந்தது.

"எங்க வீட்லேயே காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான் சார். நீங்க கையெழுத்துப் போடலைன்னா என் அஞ்சு வருஷ உழைப்பும் குப்பை. உங்க வீம்புக்கு என் பட்டம்தான் கிடைச்சுதா?"

பேராசிரியர் நுண்ணோக்கியில் குனிந்து ஒல்லியைப் பார்த்தார். குண்டைப் பார்த்தார். மறுபடி ஒல்லியைப் பார்த்தார், பாவமாக. பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, தொலைபேசியை எடுத்தார்.

"ம்... நீதான் ஜெயிச்சே. ஆமா, ஜோடியேதான். நீ வச்ச பேர்தான் இனிமே... சரி சரி, சிரிச்சது போதும். நான் சாவியை மறந்துட்டு வந்துட்டேன், கதவைத் தாழ் போட்டுட்டுத் தூங்கிடாதே!"