கை தூக்கிய புரதங்கள்

ஓர் ஆய்வுக்கூடத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியும் கணினியும் சேர்ந்து வேலை பார்த்தன. ஆய்வாளர் ரெஜினா ஒரு கிருமியின் புரதங்களைத் துளி நீரோடு நொடியில் உறையவைத்து உள்ளே அனுப்புவாள். நுண்ணோக்கி அவற்றை லட்சம் படம் எடுக்கும். மங்கலான அந்தப் படங்களை ஒன்றாகச் சேர்த்துக் கணினி ஒரே தெளிவான உருவத்தை வரையும். அந்த உருவத்துக்குப் பொருந்தும்படி மருந்து செய்வார்கள்.

அன்றும் உருவம் அழகாக வந்தது.

"நான் பார்த்த புரதங்களில் பலர் ஒரு கையைத் தூக்கியிருந்தார்களே, அந்தக் கை இதில் எங்கே?" என்று கேட்டது நுண்ணோக்கி.

"அவை மற்றவற்றோடு பொருந்தவில்லை. ஒதுக்கிவிட்டேன்," என்றது கணினி.

"எத்தனை?"

"நாற்பதாயிரம்."

"அவற்றை மட்டும் சேர்த்துப் பாரேன்."

கணினி சேர்த்தது. கொஞ்சம் கொஞ்சமாக இன்னோர் உருவம் தெளிந்தது. அதன் கை, எதிரே வரும் எதையோ தடுப்பதுபோல் நீண்டிருந்தது.

"அவற்றை இன்னொரு முறை படம் எடுத்துத் தா. சரிபார்த்துக்கொள்கிறேன்," என்றது கணினி.

"யாரை எடுப்பது? என் கதிர் பட்டு அப்போதே கருகிப்போனார்கள். நான் பார்த்த யாரும் மிச்சமில்லை."

"அப்படியென்றால் இதைக் காட்டி வீண் கேள்விகளுக்கு யார் பதில் சொல்வது?"

கணினி இரண்டாவது உருவத்தை அழித்தது. நாற்பதாயிரம் படங்களையும் அழித்தது.

கதவைத் திறந்துகொண்டு ரெஜினா வந்தாள். திரையில் இருந்த உருவத்தை மெதுவாகச் சுழற்றிப் பார்த்தாள்.

"எவ்வளவு அமைதியா இருக்கு," என்றாள்.