மூன்று வரிசை

"சந்தை, சட்டம், மண்ணு... இதைத்தான் எல்லாரும் சொல்றாங்க, முசியே. களைக்கொல்லியை விட்டுடறேன்னு நீங்க ஏன் சொல்றீங்க? உங்க காரணத்தைச் சொல்லுங்க."

கேட்டுக்கொண்டே திராட்சைக் கொடிகளுக்கு நடுவே நடந்தாள் ஒதில் கெஸ்லர். கோபன்ஹேகனில் ஒயின் இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்துக்காக வந்திருந்தாள். பிறந்து வளர்ந்தது இதே நாட்டின் திராட்சைப் பகுதியான அல்சாஸ். பேச்சில் அந்த ஊர் வாடை இன்னும் போகவில்லை. மருந்தைக் கைவிடத் துணியும் தோட்டங்களோடு மட்டும்தான் அவள் நிறுவனம் ஒப்பந்தம் போடும்.

தோட்டத்தின் சொந்தக்காரர் ஃபிர்மேன் தொண்டையைச் செருமினார். போன அறுவடையின் ஒயின் பாதி இன்னும் தொட்டியிலேயே கிடக்கிறது. வாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இவளும் கைவிரித்துவிட்டால் இந்த ஆற்றோரத் தோட்டத்தை விற்க வேண்டியதுதான்.

"மண்ணுதான் மேடம். மண்ணு உயிரோட இருக்கணும்ல?"

"சரி. அப்போ அந்த மூணு வரிசை என்ன கதை?"

அவர் பயந்துகொண்டிருந்த கேள்வி. சரிவு முழுக்கக் கொடிகளின் அடியில் மழித்துவிட்ட மாதிரி மொட்டை மண். வீட்டை ஒட்டிய மூன்று வரிசையில் மட்டும் முழங்கால் உயரப் புல், இடையிடையே க்ளோவர் என்ற தீவனச் செடியின் பூ. காரை விட்டு இறங்கியதும் அவள் நேராக அங்கேதான் போய் நின்றாள்.

"அதுவா... சோதனைக்காக விட்டிருக்கேன்."

"அட! சோதனையில என்ன தெரிஞ்சுது, பாத்துடலாமா? ரெண்டு கிளாஸ்ல தண்ணி கொண்டு வாங்க."

ஒயின் ருசி பார்க்கும் கிளாஸ்கள்தான் கைக்குக் கிடைத்தன. ஒதில் மொட்டை வரிசையிலிருந்து ஒரு மண்கட்டியும் புல் வரிசையிலிருந்து ஒரு மண்கட்டியும் எடுத்துத் தனித்தனியாகப் போட்டாள். முதல் கட்டி புஸ்ஸென்று கரைந்து தண்ணீரைக் காப்பி நிறமாக்கியது. இரண்டாவது, போட்டபடியே உட்கார்ந்திருந்தது. தண்ணீர் கலங்கவே இல்லை.

ஃபிர்மேனால் சும்மா இருக்க முடியவில்லை.

"வேரும் மண்புழுவோட பசையும் சேந்து மண்ணைப் பிடிச்சு வச்சிருக்கு மேடம். நடுவுல சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், மழைத் தண்ணி உள்ள இறங்கிடும். மொட்டை மண்ணுல பிடிச்சு வைக்க ஆளில்ல. ஒரு மழை பெஞ்சா மேல ஏடு கட்டிக்கும், தண்ணியெல்லாம் வழிஞ்சு ஆத்துக்கு ஓடிடும். மேல புல்லு இருந்தா கொடி அதோட மல்லுக்கட்டாம வேரை ஆழமா விடும். க்ளோவர் இருக்கே, அது காத்துல இருந்தே தழைச்சத்தைப் பிடிச்சு..."

பேச்சு தானாக நின்றது. தன் தோட்டத்துக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லிக்கொண்டிருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"இவ்வளவு தெரிஞ்சவர், மத்த வரிசைக்கெல்லாம் ஏன் மருந்தடிச்சீங்க?"

"ஊர்ல சிரிப்பாங்க மேடம். புல்லு தலைதூக்கினா போதும், 'என்ன ஃபிர்மேன், படுத்த படுக்கையா?'ன்னு கேப்பாங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"இந்த மூணு வரிசையைப் பாத்துச் சிரிக்க மாட்டாங்களா?"

நல்லவேளை, உள்ளேயிருந்து அவர் மனைவி சொலான்ஜ் சாப்பிடக் கூப்பிட்டாள்.

மேஜையில் ரொட்டி, பன்றி இறைச்சி விழுது, ஆட்டுப்பால் சீஸ். நடுவில் ஒரு கண்ணாடிக் கூஜா நிறைய வெள்ளை ஒயின். ஃபிர்மேன் அவசரமாகக் கூஜாவை நகர்த்தி, லேபிள் ஒட்டிய பாட்டிலை எடுத்து வைத்தார்.

"விருந்தாளிக்குப் போய் இதை வைப்பியா சொலான்ஜ்?"

"ஏன், இதுக்கென்ன குறைச்சல்? நீங்க தினமும் குடிக்கிறதுதானே? விக்கிற பாட்டிலை என்னைக்காவது இந்த மேஜையில திறந்திருக்கீங்களா? மேடம் வந்ததும் பவிசு பாரு!"

"கூஜாவுல இருக்கறது எந்த ஒயின்?" என்று கேட்டாள் ஒதில்.

"வீட்டோர மூணு வரிசையோடது, மேடம். அதை விக்கறதில்ல, எங்களுக்கு மட்டும்தான். அதுல ஒரு சொட்டு மருந்து படக் கூடாதுன்னு இவர் அவ்வளவு கண்டிப்பு. பேரப்பிள்ளைங்க பறிச்ச கையோட வாயில போட்டுக்குதுங்கல்ல..."

ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்த சொலான்ஜின் கை பாதியில் நின்றது. கணவனின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

ஃபிர்மேனின் காது மடல் கொதித்தது. தன் பெயரை ஒட்டி, முகம் தெரியாத எத்தனையோ மேஜைகளுக்கு அவர் அனுப்பி வைத்த பாட்டில்கள் எல்லாம் இந்த மேஜையைச் சுற்றி வந்து நிற்பது போல இருந்தது.

"இப்போ சொல்லுங்க முசியே. மருந்தை ஏன் விடணும்?"

சந்தையும் சட்டமும் மண்ணும் வாய்க்கு வரவில்லை.

"வெட்கமா இருக்கு மேடம்," என்றார், ரொட்டித் துகள்களைப் பார்த்தபடி.

ஒதில் பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"மத்த காரணமெல்லாம் சந்தை திரும்பினா கூடவே திரும்பிடும். இது நிக்கும்."

அவர் பேனாவைத் தொடவில்லை. "ஒண்ணு கேக்கணும். கார்ல இருந்து இறங்கினதும் நேரா அங்கதானே போனீங்க? அது எங்க வீட்டுக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஒதில் கூஜாவை இழுத்துத் தன் கிளாஸில் ஊற்றிக்கொண்டாள். அவளும் தலை நிமிரவில்லை.

"எங்க அப்பா எங்களுக்குன்னு மருந்தடிக்காம விட்டு வச்சது ரெண்டு வரிசை."