யூதாஸ் யார் வீட்டுத் தாத்தா?

“அந்த ஆளை இன்னிக்கே நிறுத்துங்க சாமி. இல்லேன்னா இந்த வருஷம் வான்கோழி விருந்துக்கு வேற ஆளைப் பார்த்துக்குங்க.”

பெனுவா சாமி வால்ப்ரே பேராலயத்துக்குப் பங்குத்தந்தையாக வந்து ஆறு வாரம்தான் ஆகிறது. லோரெட் அம்மாள் அடுப்பு மூட்டாவிட்டால் விருந்து நடக்காது, விருந்து நடக்காவிட்டால் வசூல் இல்லை, வசூல் இல்லாவிட்டால் குளிர்காலத்தில் கோயிலுக்குக் கணப்பு கிடையாது என்பதை முதல் வாரமே சொல்லிவிட்டார்கள்.

“ரோசேர் அப்படி என்னம்மா செஞ்சுட்டார்?”

“நான் எதுக்குச் சொல்லணும்? ரெண்டு மணிக்கு ரெஜைனா நகரத்துலேர்ந்து சுற்றுலா பஸ் வருது. நீங்களே வந்து காதால கேளுங்க.”

ரெண்டு மணிக்குச் சாமி தூண் மறைவில் நின்று கேட்டார்.

எழுபது வயது ரோசேர், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பீடத்துக்கு மேலே இருந்த கடைசி இராவுணவு ஓவியத்தை வந்தவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே இருந்த சாமியார் தன் கையாலேயே வரைந்தது. பன்னிரண்டு சீடர்களுக்கும் இந்த ஊர் விவசாயிகளையே உட்கார வைத்து வரைந்துவிட்டார்.

“இயேசு பக்கத்துல சாவியோட இருக்கார் பாருங்க, பேதுரு. அது எங்க லோரெட்டோட தாத்தா. மனுஷன் தங்கம். இந்தக் கோடியில, பணப்பையை மறைச்சுக்கிட்டுத் திருட்டு முழி முழிக்கிறாரே, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ், அது எங்க தாத்தா.”

கூட்டம் சிரித்தது.

“கோயில் கட்ட சாமியார் கோதுமை கேட்டாராம். எங்க தாத்தா எலி தின்ன மூட்டையாப் பார்த்துக் குடுத்தாராம். சாமியார் திட்டவே இல்லை. பேசாம பிரஷ்ஷை எடுத்துட்டார்.”

மறுபடியும் சிரிப்பு. யூதாஸுக்குக் கீழே ரோசேரை நிற்க வைத்து ஆளாளுக்குப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

லோரெட் அம்மாள் பூச்சாடியோடு சாமி பக்கத்தில் வந்து நின்றாள்.

“கேட்டீங்களா? ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து இதே கதைதான். செத்துப் போன சொந்தத் தாத்தாவை வெச்சுக் கைதட்டல் வாங்கறான். நாக்கு கூச வேண்டாம்? எங்க தாத்தாவை எவனாவது இப்படிச் சொல்லட்டும், அப்புறம் நான் இந்தக் கோயில் படியையே மிதிக்க மாட்டேன்.”

அவள் சொன்னது சாமிக்கு நியாயமாகவே பட்டது. ஆனாலும் சங்கடமாக இருந்தது. மனைவி போனபிறகு ரோசேருக்கு வாரம் என்றால் சனிக்கிழமை கோயிலைச் சுற்றிக் காட்டுகிற இரண்டு மணி நேரம்தான் என்று ஊரே சொல்லும்.

பஸ் போனதும் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பெரியவரே, ஒரு வார்த்தை.”

“லோரெட்தானே? மூக்கு சிவந்திருந்தப்பவே நினைச்சேன்.”

“அவங்க கேட்கறதுல என்ன தப்பு? இனிமே அந்த யூதாஸ் கதை வேண்டாம். விட முடியாதுன்னா, சனிக்கிழமைக்கு நான் வேற ஆள் போட்டாகணும்.”

ரோசேரின் முகம் வாடிவிட்டது. தொப்பியைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வேற ஆளே போட்டுடுங்க சாமி. ஆனா அந்த ஆளும், யூதாஸ் ரோசேரோட தாத்தான்னுதான் சொல்லணும். அதுக்கு மட்டும் வாக்கு குடுங்க.”

சாமிக்கு எரிச்சலாக வந்தது. “இது என்ன பிடிவாதம்? யாருன்னு தெரியாதுன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?”

“தெரியாதுன்னா தேடுவாங்க.”

“தேடட்டுமே. இப்ப என்ன கெட்டுப்போச்சு?”

ரோசேர் திரும்பிப் பார்த்தார். பீடத்தருகே, தாமதமாக வந்த ஒரு தம்பதிக்கு லோரெட் அம்மாள் பேதுருவைக் காட்டிக்கொண்டிருந்தாள். “எங்க அப்பாவோட அப்பா” என்று சொல்லும்போது கழுத்து ஒரு சாண் நிமிர்ந்தது.

ரோசேர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“யூதாஸா உட்கார இந்த ஊர்ல ஒருத்தனும் வரலை சாமி. ஓவியம் பாதியில நின்னுது. சரி நான் உட்கார்றேன்னு பெரிய மனசு பண்ணினது லோரெட்டோட தாத்தாதான்.”

சாமி ஓவியத்தின் கோடியில் இருந்த யூதாஸை நிமிர்ந்து பார்த்தார்.

“ஒண்ணாங் கிளாஸ்ல, முதல் தடவை நன்மை அப்பம் வாங்கப் போற புதுநன்மை வகுப்புல, அவளைச் சுத்தி நின்னு ‘யூதாஸ் பேத்தி’ன்னு பாட்டாவே பாடினோம். நானும் பாடினேன். அவ அந்த அப்பமே வாங்க மாட்டேன்னு மணிக்கூண்டுக்குள்ள போய் உட்கார்ந்துட்டா. அழுகைச் சத்தம் கீழே வரைக்கும் கேட்டுது. எனக்குத் தாங்கலை. ‘தப்பாப் பாடறீங்கடா, யூதாஸ் எங்க தாத்தா’ன்னு கத்தினேன். எலி மூட்டைக் கதையை அங்கேயே இட்டுக்கட்டினேன். அவ இறங்கி வந்துட்டா.”

“ஊர்ல பெரியவங்க?”

“எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் மூச்சு விடலை. அவ அப்பா சாகற வரைக்கும் கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் எங்க வீட்டுக்கு ஒரு வாத்து வந்துடும்.”

வான்கோழி விருந்துக்கு என்ன செய்வது என்று சாமிக்குத் தெரியவில்லை. ஆனாலும் மனசு என்னவோ நிறைந்திருந்தது.

“அடுத்த சனிக்கிழமை ரெண்டு மணிக்கு வந்துடுங்க பெரியவரே. லோரெட் அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். ஆனா ஒண்ணு, நிஜத்துல உங்க தாத்தா இந்தப் படத்துல இல்லவே இல்லையா? இத்தனை வருஷமா அவர் பேரை இப்படிக் கெடுத்திருக்கீங்களே.”

“அவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார் சாமி,” என்றார் ரோசேர், தொப்பியை மாட்டிக்கொண்டு. “சாவியை வெச்சுக்கிட்டு இயேசு பக்கத்துலயே உட்கார்ந்திருக்கறது அவர்தான்.”