நாற்பத்தேழாம் கேள்வி

திருத்திய பட்டியலில் ருச்சியின் பெயர் இல்லை.

என் பெயர் இருந்தது. கடைசிக்கு முந்தைய வரியில்.

தங்கை ருச்சி என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி, மேலும் கீழுமாக மூன்று முறை தள்ளிப் பார்த்தாள். பிரயாக்ராஜில் ஒற்றை அறை ஒன்றில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருந்தோம்.

போன மாதம் வந்த முதல் பட்டியலில் அவள் இருந்தாள், நான் இல்லை. அரை மதிப்பெண்ணில் போயிற்று. எழுத்தர் வேலைக்கு நான் எழுதிய ஆறாவது தேர்வு அது. வயது வரம்பு முடிந்துவிட்டது, இனி எழுத முடியாது. அவளுக்கோ அது முதல் தேர்வு. சின்ன மகளுக்கு அரசாங்க வேலை என்று ஊரில் பாபுஜி தெருவுக்கே லட்டு கொடுத்தார்.

அதன் பிறகுதான் நான் நாற்பத்தேழாம் கேள்விக்கு ஆட்சேபம் அனுப்பினேன்.

பொருந்தாத ஜோடியைக் கண்டுபிடிக்க வேண்டும். குதிரை–லாயம், பசு–தொழுவம், கோழி–கூண்டு, சிங்கம்–குகை.

கோழி மட்டுமே பறவை, ஆகவே அதுதான் விடை என்றது தேர்வாணையம். ஜோடி என்று கேட்டால் இரண்டு சொற்களுக்கும் உள்ள உறவைத்தான் பார்க்க வேண்டும், இதில் குகை மட்டுமே மனிதன் கட்டாதது என்று நான் எழுதினேன்.

ஏற்றுக்கொண்டார்கள். சிங்கம் போட்டவர்களுக்கு மதிப்பெண் ஏறியது. கோழி போட்டவர்களுக்கு இறங்கியது.

"நான் கோழி போட்டுட்டேன் போல, தீதி. பறவைன்னு பாத்ததும் டக்குனு டிக் அடிச்சிருப்பேன். லூசு நான்."

அழுவாள் என்று நினைத்தேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"உனக்கு எப்படித் தெரியும், பாவம்! எனக்கு இருபத்திரெண்டுதான ஆகுது, இன்னும் எத்தனை பரீட்சை கெடக்கு. மூஞ்சிய இப்படி வச்சுக்காம பாபுஜிக்கு போன் போடு."

நான் போடவில்லை. அவளே போட்டு, "தீதி பாஸ்!" என்று கத்தினாள்.

ஆட்சேபம் அனுப்பிய அன்று மதியம் ருச்சி குளிக்கப் போயிருந்தாள். அவளுடைய பதிவு எண்ணும் பிறந்த தேதியும் எனக்கு மனப்பாடம். இரண்டையும் போட்டு, அவள் விடைத்தாளைத் திறந்து பார்த்தேன். நாற்பத்தேழில் கோழி.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வருவதற்குள் அனுப்பி முடித்துவிட்டேன்.